ஜிமிக்கி ஏன் மங்கலாக விழுகிறது?

கேள்வி: ஜிமிக்கி, தோடு எல்லாம் வீட்டிலேயே செய்து இணையத்தில் விற்கிறேன். கையில் இருப்பது கேனன் கேமராவும் அதனுடன் வந்த 18-55 எஸ்டிஎம் லென்ஸும். கிட்டே போய் எடுத்தால் ஜிமிக்கியின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுகிறது. சில சமயம் முழுவதுமே மங்கல். சிறிய பொருளை மிகக் கிட்டே எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். தீபாவளிக்கு முன் வாங்கிவிடலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்கள் வேலைக்கு இந்த லென்ஸே போதும். முதல் தீபாவளி வருமானத்தை லென்ஸில் போட்டுவிட்டு, அதே மங்கல் படத்துடன் வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

முழுவதும் மங்கினால், நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே போகிறீர்கள் என்று பொருள். இந்த லென்ஸ் 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட எதையும் ஃபோக்கஸ் செய்யாது. அந்தத் தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளக்கக் கூடாது, கேமராவின் உள்ளே படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். கேமராவின் மேற்புறத்தில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட சிறிய குறி ஒன்று இருக்கும். சென்சார் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் மங்குவதற்குக் காரணம் வேறு. லென்ஸின் ஜூமை 55-இல் வைத்து, முடிந்த அளவு நெருங்கி எடுத்தால் படத்தின் அகலத்தில் சுமார் 6 சென்டிமீட்டர் அடங்கும். அந்த நெருக்கத்தில், அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி புகும் துவாரம், எஃப் 8 என்றால் (எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்), முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். ஜிமிக்கியின் குடையோ 2 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். முன் விளிம்பின் அரும்புகள் கூர்மையாக விழுந்தால், பின்னால் தொங்கும் முத்துகள் கரைந்துதான் போகும். மேக்ரோ லென்ஸ் உங்களை இன்னும் நெருங்க விடும், ஆனால் அதே அளவில் எடுக்கும் படத்துக்கு இந்த ஆழத்தைக் கூட்டித் தராது. கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆகவே பின்னால் வாருங்கள். ஜிமிக்கியின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, படத்தின் அகலத்தில் 12 சென்டிமீட்டர் தெரியும்வரை விலகுங்கள். எஃப் 8-இலேயே தெளிவின் ஆழம் 1 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். எஃப் 11-இல் ஏறக்குறைய ஒன்றரை. குடையின் முன் விளிம்பை விட்டு, சற்று உள்ளே தள்ளி ஃபோக்கஸ் செய்யுங்கள். அதற்கு லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தைக் கையால் திருப்புவது நல்லது. பிறகு வேண்டாத ஓரங்களை வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவில், 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஜிமிக்கிக்கு அப்போதும் 1,500 புள்ளிகள் மிஞ்சும். கைபேசியில் பார்த்து வாங்குபவருக்கு அது தாராளம். எஃப் 22 வரை போக வேண்டாம். துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மழுங்கும்.

தட்டையான தோடு என்றால் இவ்வளவு பாடு இல்லை. கேமராவை அதற்கு நேர் இணையாகப் பிடித்தால் போதும்.

அடுத்தது அசைவு. அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஷட்டர் மெதுவாகும், கை நடுக்கம் படத்தில் பதியும். முக்காலி, 2 விநாடி டைமர் இரண்டையும் பயன்படுத்துங்கள். முக்காலியில் வைத்ததும் லென்ஸிலுள்ள, கை நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்! தொங்கவிட்ட ஜிமிக்கி கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கேமராவின் ஃபிளாஷ் வேண்டாம், அந்த நெருக்கத்தில் லென்ஸின் நிழலே பொருளின் மீது விழும். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சன்னல் வெளிச்சம் அதைவிட எவ்வளவோ மேல். வெயில் நேராக அடித்தால் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். குடையின் நிழல் பக்கத்து வேலைப்பாடு அப்போதுதான் எழுந்து தெரியும்.

ஒற்றைக் கல்லின் பதிப்பை மட்டும் பெரிதாகக் காட்ட விரும்பினால், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கேமரா கடைகளில் எக்ஸ்டென்ஷன் டியூப் கேளுங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய் அது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டினால், லென்ஸ் இன்னும் கிட்டே ஃபோக்கஸ் செய்யும். உலோகத் தொடுமுனைகள் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அவை இல்லாத மலிவு வகையை மாட்டினால், உங்கள் லென்ஸின் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது.

கேள்வி: பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்றைக் கடையில் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிகிறது. பழைய பொருளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள்.
- வாசகர், ஈசூன்

பதில்: அப்படிச் சொல்லிக் கைகழுவ முடியாது. குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள லெமன் சட்டம், கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்றபோதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. விற்கும்போதே பூஞ்சையைச் சுட்டிக்காட்டியிருந்தால் மட்டும் கதை வேறு. தனிநபரிடம் வாங்கியதற்கும் இந்தச் சட்டம் உதவாது.

ரசீதுடன் போய், பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். கைபேசி விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து, பூஞ்சையை இன்றே படம் எடுத்து வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது நாளுக்கு நாள் பரவும், தாமதித்தால் உங்கள் வீட்டில்தான் பிடித்தது என்று கடை வாதிட இடம் கிடைத்துவிடும்.