குவார்ட்ஸ் அலையில் ஜெனித் கடிகார நிறுவனம் எப்படித் தப்பியது?

மெக்கானிக்கல் கடிகாரம் என்றால் பேட்டரி இல்லாமல், சுருள்வில்லின் விசையில் பல்சக்கரங்கள் ஓடும் கடிகாரம். 1865ல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் ஜார்ஜ் ஃபாவ்ர் ஜாக்கோ தொடங்கிய நிறுவனம்தான் ஜெனித். அக்காலத்தில் உதிரிபாகங்கள் பல சிறு பட்டறைகளில் தனித்தனியாகத் தயாராயின. அவர் எல்லா வேலைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்.

1969ல் ஜெனித் கொண்டுவந்த 'எல் பிரிமெரோ' என்ற மெக்கானிக்கல் கடிகார எந்திரம் மணிக்கு 36,000 முறை துடிக்கும். வினாடிக்குப் பத்து. அதனால் நிறுத்துக் கடிகாரமாகப் பயன்படுத்தும்போது வினாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கலாம்.

அப்புறம் பேட்டரியில் ஓடும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. 1975ல் மெக்கானிக்கல் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கருவிகளைப் பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தது. அங்கே வேலை பார்த்த சார்ல்ஸ் வெர்மோ மனம் கேட்காமல் அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரணுக்கு ஏற்றி மறைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினார், செய்முறையையும் எழுதி வைத்தார். முறுக்கு மாவு எப்போது வேண்டுமானாலும் பிசையலாம், அச்சு இல்லாவிட்டால் முறுக்கு ஏது? 1980களில் தயாரிப்பு மீண்டும் தொடங்கியபோது அந்தக் கருவிகள்தான் கைகொடுத்தன. 1988ல் ரோலெக்ஸே தன் டேடோனா கைக்கடிகாரத்துக்கு இந்த எல் பிரிமெரோ எந்திரத்தை, சில மாற்றங்களோடு, வாங்கியது.

பலர் நினைப்பதுபோல இந்தக் கடிகார நிறுவனத்தைத் தொடங்கியது ரேடியோ, டிவி செய்த அமெரிக்க ஜெனித் அல்ல. அந்த நிறுவனம் 1970களில் சில ஆண்டுகள் மட்டுமே இதற்கு உரிமையாளராக இருந்தது.