பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்: தலைச்சாயம் பற்றி வாசகியர், வாசகர் கேள்விகள்

பதில் சொல்பவர்: காரைக்குடி செக்காலையில் அழகு நிலையம் நடத்தும் நம் தோழி

தை முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டை பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கணவருக்குத் தை மாதம் மணிவிழா. பல வருஷமாக என் தலைக்கு மருதாணிதான். நரை முழுவதும் செம்பட்டையாகத் தெரிகிறது. விழாவில் கருப்பாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கடையில் 'கருப்பு மருதாணி' என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அரை மணியில் கருத்துவிடுமாம். மருதாணிதானே, பயமில்லாமல் போடலாமா?
*ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்*

ஆச்சி, அந்தப் பாக்கெட்டை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். மருதாணி இலையில் இருக்கும் சாயப் பொருளுக்கு லாசோன் என்று பெயர். அது முடியின் கெராட்டின் புரதத்தோடு பிணைந்து ஆரஞ்சு கலந்த சிவப்பைத்தான் தரும். கருப்பு அதன் கையில் இல்லை. இரும்புச் சட்டியில் டீத்தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகுமே தவிர, கருக்காது.

அரை மணியில் கருப்பு வருகிறதென்றால் அதில் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக பிபிடி என்பார்கள். பொடி வகைகளில் கூடவே பேரியம் பெராக்சைடும் இருக்கும். ஒவ்வாமை இல்லாதவர்கள் அளவாகப் பயன்படுத்தக்கூடிய சாயம்தான் அது. ஆனால் பச்சை இலைப் படத்தைப் போட்டு அதை மருதாணி என்று விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மருதாணி என்று நம்பித்தானே சோதித்துப் பார்க்காமல் தலை முழுக்கப் பூசுகிறார்கள்?

உங்களுக்கு நான் சொல்வது நீலச் சாயம் தரும் அவுரி இலை. மருதாணி போட்டு அலசிய முடியின் மேல் அவுரிப் பொடி போட்டால் சிவப்பும் நீலமும் சேர்ந்து கரும்பழுப்பு, சில தலைகளில் நல்ல கருப்பே வரும். மருதாணியை ஊறவைக்கலாம், அவுரியை ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டால், பச்சையாக இருக்கும் விழுதின் மேல்பரப்பில் நீலம் பூத்து வரும். உடனே போட்டுவிட வேண்டும்; நேரம் போகப் போக அதன் சாயம் செத்துவிடும். ஒரு மணி நேரம் வைத்து, ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்குப் பச்சை அடித்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் முழு நிறம் இறங்கும். அதனால் விழாவுக்கு நான்கு நாள் முன்னால் போடுவது சரி. அதற்கும் முன்பு, இந்த மாதமே, காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் போட்டுப் பாருங்கள். அவுரியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அமோனியா இல்லாத டை என்று பார்த்துத்தான் வாங்கினேன். தலைக்கும் மீசைக்கும் அடித்தேன். மறுநாள் நெற்றி ஓரமும் காது மடலும் அரித்துத் தடித்து, இமை வீங்கிவிட்டது. அமோனியா இல்லாததே இப்படி என்றால் வேறு எதைத்தான் வாங்குவது?
*ஒரு வாசகர், தேவகோட்டை*

அண்ணே, முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கொண்டுபோங்கள். வேறு பிராண்டு வாங்கி இன்னொரு தடவை முயற்சி செய்ய வேண்டாம். அடுத்த முறை வீக்கம் இதைவிடப் பெரிதாக வரலாம். மூச்சு முட்டினாலோ முகம் முழுக்க வீங்கினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

இதில் அமோனியா மேல் தப்பில்லை. முடியின் வெளித்தோலில் செதில்கள் நம் வீட்டுக் கூரையின் நாட்டு ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அந்தச் செதில்களைத் தூக்கிக் கொடுப்பதுதான் அமோனியாவின் முக்கிய வேலை. அமோனியா இல்லாத டப்பாக்களில் பெரும்பாலும் எத்தனாலமின் என்ற இன்னொரு காரம் அதே வேலையைச் செய்கிறது. மூக்கில் ஏறும் நெடி இருக்காது, அவ்வளவுதான். நிறத்தைக் கொடுப்பது பிபிடியும் அதன் உறவுக்காரச் சாயங்களும். ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அவற்றால்தான்.

ரொம்பப் பழைய சரக்கு இது. 1863-ல் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பிபிடி ஆக்சிஜனோடு சேர்ந்தால் கரும்பழுப்பாவதைக் கவனித்தார். 1907-ல் பாரிஸில் யூஜீன் ஷூயெலர் செயற்கைத் தலைச்சாயத்தைக் கடைச்சரக்காக்கினார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் லோரியால். நூறு வருஷம் தாண்டியும் கருப்பு நிறத்துக்கு இதைப் போல் நின்று பிடிப்பது குறைவு என்பதால்தான் இன்னும் விடாமல் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் வேறு யாராவது டை போடுவதாக இருந்தால், 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். டப்பாவோடு வரும் தாளில் முறை போட்டிருக்கும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைப்பது. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. பல வருஷம் போட்டவர்களுக்குத் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதை என் கடையிலேயே பார்க்கிறேன். திருவிழாவில் குழந்தைகளுக்குக் கையில் வரையும் கருப்பு டாட்டூவிலும் இதே பிபிடி இருக்கக்கூடும். அங்கே தோல் ஒருமுறை பழகி வெறுத்துவிட்டால், வளர்ந்த பிறகு டை போடும்போது வெடிக்கும். அப்புறம், தலைக்குப் போடுவதைப் புருவத்துக்கும் இமைக்கும் யாரும் தொடவே கூடாது. கண் போய்விடும் அபாயம் இருக்கிறது.

அக்கா, அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். தோழி கல்யாணத்துக்கு முடியில் நான்கைந்து கற்றை மட்டும் நீலமாக வேண்டும். செமி பர்மனென்ட் நீலம் வாங்கிப் போட்டேன், ஒன்றுமே தெரியவில்லை. டெம்பரரி, செமி, டெமி, பர்மனென்ட் என்று நாலு இருக்கிறதே, எதை வாங்கியிருக்க வேண்டும்?
*ஒரு மாணவி, காரைக்குடி*

நீ வாங்கியதில் கோளாறு இல்லை கண்ணு. உன் முடி கருப்பு. செமி பர்மனென்ட் சாயம் ஏற்கெனவே நிறமாகவே இருக்கிறது. நிறத்தை வரவழைக்கும் பெராக்சைடு இல்லாமலே செதிலுக்குள் கொஞ்சம் நுழைந்து உட்காரும். நாலு முதல் பன்னிரண்டு அலசலில் போய்விடும். உள்ளே இருக்கிற கருப்பை அது தொடாது. கருப்பின் மேல் நீலம் வெயிலில் ஒரு சாயலாகத் தெரிந்தால் உண்டு.

டெம்பரரி இன்னும் மேலோட்டம். அதன் சாயத் துகள் பெரிது, வெளியிலேயே படிந்து ஒரு அலசலில் போகும். டெமியில் குறைந்த அளவு பெராக்சைடு இருக்கும், இருபது இருபத்திநாலு அலசல் வரை தாக்குப்பிடிக்கும், இளநரையை மங்கலாக்கும்.

பர்மனென்டில் நடப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான். கிண்ணத்தில் க்ரீமையும், பெராக்சைடு இருக்கும் டெவலப்பரையும் பிசையும்போது வெண்ணெய் நிறத்தில் இருக்கும். பேசிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தால், கிண்ணத்தின் ஓரம் ஊதாவாகி, கால் மணியில் கருத்துவிடும். முடிக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. நிறமில்லாத சின்னத் துகளாக உள்ளே போகிறது, அங்கே பெராக்சைடோடு சேர்ந்து பெரிய நிறத் துகளாகிறது, வந்த வழியே வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் மிச்சக் கலவையை எடுத்து வைக்க முடியாது. மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

நிஜ நீலம் வேண்டுமென்றால் முதலில் ப்ளீச் செய்து முடிக்குக் கருப்பைக் கொடுக்கும் மெலனினைச் சிதைக்க வேண்டும். நம் முடி கருப்பிலிருந்து செங்கல் நிறம், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்றுதான் இறங்கும். மஞ்சளில் நீலம் போட்டால் பச்சையாகிவிடும், அதனால் இன்னும் வெளுக்க வேண்டும். அந்த அளவுக்குப் போன முடி பழையபடி திரும்பாது. வெட்டி, புதிதாக வளர்ந்தால்தான் உண்டு. ஒரு கல்யாணத்துக்காக அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். நீலக் கற்றைகளைக் க்ளிப்பில் மாட்டிக்கொள், இல்லையென்றால் ஹேர் சாக் என்ற வண்ணச் சுண்ணக்கட்டியைப் பூசிக்கொள். அம்மாவும் திட்ட மாட்டார்.

டெவலப்பரில் 10, 20, 30, 40 வால்யூம் என்கிறார்களே?
*ஒரு வாசகி, பள்ளத்தூர்*

பெராக்சைடின் வீரியம். 10 என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரை மறைக்க 20 போதும். 40-ஐ வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை தலை முழுக்க டை அடிக்கிறேன். நுனி வைக்கோலாகிவிட்டது.
*ஒரு வாசகி, கோட்டையூர்*

மாதத்துக்கு முடி வளர்வது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் போடுங்கள். நுனியில் போன மாதச் சாயமும் அதற்கு முந்தின மாதச் சாயமும் இருக்கின்றன, அதன் மேல் மறுபடியும் காரத்தையும் பெராக்சைடையும் ஏற்றுவது எதற்கு? நுனி மங்கலாகத் தெரிந்தால் கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் சீப்பால் இழுத்துவிட்டு அலசுங்கள். வகிட்டில் நரை தெரிகிறது என்பதற்காக மட்டும் போடுகிறீர்கள் என்றால், இடையில் ஒரு மாதம் வேர் மறைக்கும் பவுடரோ ஸ்டிக்கோ போட்டுத் தள்ளிப்போடலாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. கலர் பதினைந்து நாள்கூட நிற்பதில்லை.
*ஒரு வாசகி, புதுவயல்*

உப்புத் தண்ணீரில் தாது படிந்து முடி சொரசொரப்பாகி நிறம் மங்கிப் போகும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மழைத்தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ அலசுங்கள். வளவில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்தது நம் ஊர்ப் பழக்கம்தானே. வெந்நீரைக் குறையுங்கள். டை போட்ட மறுநாளே எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்ப்பதை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுங்கள்.

முகப்பில் உட்கார்ந்து டை அடித்ததில் ஆத்தங்குடிக் கல் தரையில் சொட்டிக் கறையாகிவிட்டது. எலுமிச்சை தேய்க்கலாமா?
*ஒரு வாசகி, கண்டனூர்*

வேண்டவே வேண்டாம். அது சிமென்ட் கல். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவும் அதன் மேல்பரப்பை அரித்துவிடும்; கறையோடு பூவும் போய்விடும். ஈரமாக இருக்கும்போதே சோப்புத் தண்ணீரில் துடைத்தால்தான் வரும். காய்ந்து இறங்கியிருந்தால் மெல்லிய சோப்பால் நாலைந்து நாள் துடைத்துப் பாருங்கள், கொஞ்சம் மங்கும். அதற்கு மேல் கல்லை மாற்ற ஆத்தங்குடிக்கே போய் அதே அச்சு இருக்கிறதா என்று கேட்க வேண்டியதுதான். அடுத்த முறை பின்கட்டில், பழைய கோணியை விரித்துப் போட்டு உட்காருங்கள்.