அஸ்ரூவில் கோட்டை தேடாதீர்கள்

மொரோக்கோவின் இஃப்ரானில் வேலைக்கு வந்திருக்கிறேன், பழைய பெர்பர் மலையூர் என்று அஸ்ரூவைச் சொன்னார்கள், போனால் பழமையாக எதுவும் கண்ணில் படவில்லையே என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

அங்கே கோட்டை தேடினால் ஏமாற்றம்தான். சுல்தான் மூலே இஸ்மாயில் 1684இல் கட்டிய கஸ்பா என்ற கோட்டையில் இன்று மிச்சம் கொஞ்சமே. அதுவும் ஊரார் கட்டியதல்ல. தெற்கே தாஃபிலால்த் பாலைவனச் சோலைப் பகுதிக்குப் போகும் வழியையும் இந்த மலைக் குடிகளையும் அடக்கி வைக்கப் போட்ட காவல். சுற்றுவட்டார அமசிக் மக்கள் (பெர்பர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் இது), முக்கியமாக பெனி ம்கில்ட் குடியினர், கோடையில் மந்தையோடு மலைக்கும் குளிரில் தாழ்நிலத்துக்கும் போய்வந்தவர்கள். கூடாரவாசிகள் எங்கே கல்லை அடுக்கப் போகிறார்கள்?

அவர்கள் சொத்து கம்பளி. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மலைக்காரர்கள் வெளிச்சத்திலேயே ஊர் திரும்பப் பார்ப்பார்கள். பெனி ம்கில்ட் கம்பளம் நீள முடியும் கனமும் உள்ளது, ஏனென்றால் அது படுக்கை. கோடையில் குப்புறப் போட்டுக்கொள்வார்கள். வாங்குவதானால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் ரேயான். ‘கற்றாழைப் பட்டு’ என்று விற்பது பெரும்பாலும் அதுதான். பிறகு ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். சிவப்பு ஒட்டினால் முதல் சலவையிலேயே வெள்ளைப் பகுதியெல்லாம் இளஞ்சிவப்பாகும். கடைக்காரர் நூல் உருவ விடவில்லையா, பேரம் பேசாமல் நகருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் தாரிக் இப்னு சியாத் பள்ளி. 1927இல், அப்போது நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய பெர்பர் கல்லூரி இதுதான். அமசிக் பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்கவைத்து, அரபு நகரங்களோடு ஒட்டாத அதிகாரிகளாக வளர்ப்பது திட்டம். அவர்கள் ஆட்சியில் வந்த 1930 மே 16 ஆணை அமசிக் பகுதிகளின் நீதிமுறையையும் தனியாகப் பிரித்தது. நாடெங்கும் பள்ளிவாசல்களில் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் திரும்பி அடித்தது: 1944 ஜனவரி 11 அன்று மொரோக்கோவுக்குச் சுதந்திரம் கேட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் இந்தப் பள்ளியின் பழைய மாணவரும் உண்டு. ஆகவே அலுவலகத்தில் “நீங்கள் அரபிகள் இல்லைதானே?” என்று பேச்சுக்குக்கூடக் கேட்காதீர்கள். அது பழைய புண். அமசிக் மொழி 2011 அரசியலமைப்பில் ஆட்சிமொழியானது, 2024 முதல் அவர்கள் புத்தாண்டான ஜனவரி 14 பொது விடுமுறை. பேச்சைத் தொடங்க இவை போதும். பள்ளி இன்றும் நடக்கிறது, வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

இஃப்ரானிலிருந்து 17 கிலோமீட்டர். பெரிய டாக்ஸியில் ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பான். அவசரமென்றால் காலி இருக்கைகளுக்கும் நீங்களே கொடுக்க வேண்டும். கம்பளம் வாங்கினால், டிக்கியில் போட எவ்வளவு என்று ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.