8 மாதமாகியும் பாப்பா தவழவில்லையே, பயப்பட வேண்டுமா?

கோத்தகிரியில் இருக்கிறோம், பாப்பாவுக்கு 8 மாதம், உட்காருகிறாள் ஆனால் தவழவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, முதலில் அந்த சாக்ஸைக் கழற்றுங்கள், வழுக்கும். என் மகனும் குன்னூர் குளிருக்குப் பயந்து நாங்கள் சுற்றிவைத்த கம்பளியில் பொட்டலம் மாதிரிதான் கிடந்தான். வெயில் ஏறியதும் ஜமக்காளத்தில் வெறுங்காலோடு குப்புறப் போட்டு, எட்டாத தூரத்தில் ஒரு டம்ளரை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தான், முன்னால் வர இன்னும் பத்து நாள் ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வுப்படி முட்டி போட்டுத் தவழ்வது சுமார் 5 முதல் பதிமூன்றரை மாதத்துக்குள் வரலாம், சில பிள்ளைகள் தவழாமலே நடந்துவிடும். ஆனால் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, சத்தம் கேட்டுத் திரும்பாவிட்டாலோ பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், வாக்கர் வாங்கவே வாங்காதீர்கள், நம்மூர் வாசற்படிகளுக்கு அது ஆபத்து.