மாடு மேயும் சத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஜாம்பியா பயணத் தொடரைப் படித்து முடித்தேன். வேலியில்லாத ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் சிங்கத்தைப் பற்றி நான்கே வரி. உண்மையில் எப்போது பயந்தீர்கள் என்பதை மழுப்பிவிட்டதாகத் தோன்றியது. கல்லூரி முடித்த என் மகன் அங்கே போகப்போகிறேன் என்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மழுப்பியது உண்மைதான். வெட்கம். சிங்கத்துக்குப் பயந்தேன் என்றால் கேட்பவர்கள் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள். நான் பயந்ததோ புல் தின்னும் பிராணிக்கு. அதையும் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டதோடு சரி.

லுவாங்வா ஆற்றில் கோடை முற்ற முற்றத் தண்ணீர் வடிந்து, மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். வெயில் தாங்காத தோல் என்பதால் பகலெல்லாம் நீருக்குள்தான். இருட்டியதும் கரையேறி, விடிவதற்குள் 40 கிலோ அளவுக்குப் புல்லை மேய்ந்துவிடும்.

அன்று நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்தது. கூடாரத் துணிக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சரக் சரக்கென்று புல் பிய்படும் சத்தம். மாடு மேய்கிறது என்று நினைத்து நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். கிராமத்துக் காது அப்படி. பிறகுதான் உறைத்தது. மாடுகளைக் கொல்லும் நோயைப் பரப்புகிற செட்சி ஈ மொய்க்கும் அந்தப் பள்ளத்தாக்கில் மாடு ஏது? அதே நேரம் புதர்மீது சேற்றை வாரி இறைப்பதுபோல ஒரு சத்தம். நீர்யானை வாலைச் சுழற்றிச் சாணத்தைச் சிதறடிக்கும் என்று பகலில்தான் கேட்டிருந்தேன். அடுத்த நொடி எனக்குச் சிறுநீர் முட்டியது.

நீர்யானை என்ற பெயரிலேயே நாம் ஏமாந்துவிடுகிறோம். யானை என்றதும் கோயில் வாசலும் ஆசீர்வாதமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இது வேறு சாதி. கரையில் மிரண்டால் யோசிக்காமல் நீரை நோக்கி ஓடும். 1,500 கிலோ உடம்பு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். குறுக்கே நிற்பவர் மிதிபடுவார், இல்லாவிட்டால் கடிபடுவார். அதற்கும் ஆற்றுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் நிற்கவில்லை, படுத்திருந்தேன். ஆனால் சரியாக நடுவில்.

துணி அசையக் கூடாது என்று மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டேன். அது எப்போது போனது என்று தெரியவில்லை. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தது விடிந்த பிறகுதான்.

முகாமின் சமையற்காரரிடம் கதையை ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்க அவருக்குப் பொறுமையில்லை. "ம்வூ எந்தப் பக்கம் போனது?" என்றார். ம்வூ என்பது அவர்கள் மொழியில் நீர்யானை. கீழ்த்திசையில் அவருடைய காய்கறிப் பாத்தி இருந்தது. நான் கை காட்டியதும் கரண்டியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தார். அன்று காலை எங்களுக்குத் தேநீர் தாமதம்.

உங்கள் மகன் தாராளமாகப் போகட்டும். இருட்டிய பின் காவலாளி இல்லாமல் பத்தடிகூட நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடாரத்துக்குள் வாயகன்ற காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். அன்று என்னிடம் அது இல்லை.