நாலஞ்சு பொருள் சேர்ந்து இழுத்தா மொத்த ஈர்ப்பு விசை எவ்ளோ? கேள்வி பதில்

பதினோராம் வகுப்பு ஈர்ப்பியல்ல பசங்க மார்க் விடுற இடம் இதுதான். நியூட்டன் சூத்திரம் (ரெண்டு நிறையையும் பெருக்கி, தூரத்தோட வர்க்கத்தால வகுத்து, ஜி-ங்கிற ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹-ஆல பெருக்கறது) எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா மூணாவது பொருள் ஒண்ணு வந்ததும் தடுமாறிடுறாங்க. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: சார், 2 கிலோ உருண்டை மூலைல இருக்கு, கிழக்கே 1 மீட்டர்ல 3 கிலோ, வடக்கே 1 மீட்டர்ல 4 கிலோ. 2 கிலோ மேல மொத்த விசை கேட்டிருக்காங்க. எனக்கு 14 ஜி வருது, புக்ல 10 ஜின்னு இருக்கு.

பதில்: நீ 6-ஐயும் 8-ஐயும் அப்படியே கூட்டிட்ட தம்பி. 6 ஜி கிழக்க இழுக்குது, 8 ஜி வடக்க இழுக்குது, ரெண்டும் செங்குத்து, அதனால பிதாகரஸ் போடணும், 36 கூட்டல் 64, அதோட வர்க்கமூலம் 10. நியூட்டன்ல சொன்னா 6.67 × 10⁻¹⁰, கிழக்குலருந்து வடக்குப் பக்கமா 53 டிகிரி. கணக்கைத் தொடுறதுக்கு முன்னாடி படம் போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அம்புக்குறி போடு, எத்தனை தடவை சொன்னாலும் பசங்க இதைத்தான் விட்டுடுறாங்க. கோணம் 90 இல்லன்னா ஒவ்வொரு அம்பையும் காஸ், சைன் வச்சு ரெண்டு கூறா பிரிச்சு, கிடையை கிடையோட, நெடுவை நெடுவோட கூட்டு.

கேள்வி: இவ்ளோ எதுக்கு அண்ணா, எல்லா நிறையையும் நிறை மையத்துல வச்சு ஒரே தடவைல போட்டா என்ன?

பதில்: தப்பா வரும் பா. ஒரு 1 கிலோ உருண்டைலருந்து ஒரே நேர்கோட்டுல, ஒரே பக்கமா 1 மீட்டர்ல 1 கிலோ, 3 மீட்டர்ல 1 கிலோ வச்சுப் பாரு. தனித்தனியா போட்டா 1 கூட்டல் ஒன்பதுல ஒண்ணு, அதாவது 1.11 ஜி. நிறை மையம் 2 மீட்டர்ல, அங்க 2 கிலோ வச்சா 0.5 ஜிதான், பாதி கூட இல்ல. பக்கத்துல இருக்கறது ரொம்ப பலமா இழுக்கும், சராசரி தூரம் அதை மறைச்சிடும். ஒரே சீரான கோளத்துக்கு வெளிய நிக்கும்போது மட்டும் மையத்துல வச்சு போடலாம்.

கேள்வி: சதுரத்தோட நாலு மூலைலயும் சம நிறை, நடுவுல ஒண்ணு. ஒரு மூலையை எடுத்துட்டா?

பதில்: நாலும் இருந்தா பூஜ்ஜியம். ஒண்ணை எடுத்தா எதிர் மூலை ஒண்ணோட விசை மட்டும் மிச்சம், மத்த ரெண்டும் அடிச்சுக்கும்.

கேள்வி: சார், என் பொண்ணு நிலாவை பூமியை விட சூரியன்தான் அதிகமா இழுக்குதுன்னு சொல்றா. நிஜமாவா? அப்புறம் ஏன் நிலா போகல?

பதில்: நிஜம்தான் மேடம், உங்க பொண்ணு நல்லா யோசிக்கிறா! சூரியன் இழுக்கறது 4.36 × 10²⁰ நியூட்டன், பூமி இழுக்கறது 1.98 × 10²⁰, ரெண்டு மடங்குக்கு மேல. அமாவாசை அன்னிக்கு நிலா நடுவுல இருக்கு, ரெண்டும் எதிரெதிர், கழிச்சா 2.38 சூரியன் பக்கம். பௌர்ணமிக்கு ரெண்டும் ஒரே பக்கம், 6.34. அரை நிலா அன்னிக்கு செங்குத்து, பிதாகரஸ் போட்டா 4.79. அதே ரெண்டு பொருள்தான், திசை மாறினதுல விடை எங்கயோ போயிடுது பாருங்க. அப்புறம் ஏன் போகலன்னா, சூரியன் பூமியையும் கிட்டத்தட்ட அதே முடுக்கத்துல இழுக்குது, ரெண்டும் சேர்ந்தே சூரியனை நோக்கி வளையுது, அந்த சின்ன வித்தியாசம்தான் நிலாவை பிரிக்கப் பாக்கும், அதை பூமியோட பிடி ஈசியா ஜெயிச்சிடும்.

கேள்வி: பூமிக்கும் நிலாவுக்கும் நடுவுல ரெண்டும் சமமா இழுக்கற இடம்?

பதில்: பூமி நிலாவை விட 81 மடங்கு நிறை, வர்க்கமூலம் 9. அதனால தூரத்தை 9-க்கு 1-ன்னு பிரி, பூமி மையத்துலருந்து சுமார் 3,46,000 கிலோமீட்டர். சூரியனை இதுல சேர்க்கல, ஞாபகம் வச்சுக்கோ.

கேள்வி: உருண்டைக்கு நடுவுல 10⁻¹⁰ நியூட்டன்னா அதை யாராவது அளக்க முடியுமா சார்?

பதில்: இதை விட ஆயிரம் மடங்கு கிட்ட பெரிசு, ஆனாலும் ரொம்பச் சின்ன 10⁻⁷ நியூட்டன் அளவு விசையை 1798-லயே கேவண்டிஷ்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி அளந்திருக்கார். ஒரு கம்பில தொங்குற ஆறடி கட்டை, ரெண்டு முனைலயும் 0.73 கிலோ ஈயக் குண்டு, பக்கத்துல 158 கிலோ குண்டு ரெண்டு. கட்டை திரும்புற கோணத்தை வச்சு விசையைக் கண்டுபிடிச்சார். இதுவும் உன் கணக்குதான், பெரிய குண்டு ஒண்ணு பக்கத்து சின்ன குண்டை மட்டும் இழுக்கல, எதிர் முனைல இருக்கறதையும் லேசா எதிர்ப்பக்கம் திருப்பப் பாக்குது. அவ்ளோ சின்ன விசையையும் விடாம கணக்குல கழிச்சிருக்கார் அவர்.