தங்கக் கால்சட்டை

அன்புள்ள ஐயா,

நாங்கள் அமெரிக்காவில் கொலம்பஸில் இருக்கிறோம். மகன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனால் எனக்கும் இந்த ஊர் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையால் வீசியும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம், கொஞ்சம் பழகிவிட்டது. 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் அணி இரண்டு ஆட்டம் தோற்றது. அதில் ஒன்று சொந்த மைதானத்தில், சுமாராக ஆடிக்கொண்டிருந்த மிச்சிகனிடம். அப்படியும் தேசிய சாம்பியன் ஆகிவிட்டார்கள். இது நியாயமா என்று எனக்கு அப்போதே ஓர் உறுத்தல். கோப்பை வென்ற ராத்திரி மகன் சிரித்துக்கொண்டே ஊர் சுற்றினான். ஆனால் 2025 நவம்பர் 29-ல் மிச்சிகனை ஜெயித்ததும் சோபாவில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "கோப்பையே வந்தாச்சே, இதுக்கு ஏன்டா அழறே?" என்றேன். "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். நிஜமாகவே புரியவில்லை.

கொலம்பஸிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நியாயத்தைப் பார்த்துவிடலாம்.

இந்த ஆட்டத்தில் யார் சாம்பியன் என்பதைப் பல பத்தாண்டுகள் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். 2014-லிருந்து ஒரு குழு உட்கார்ந்து, சீசன் முடிவில் கோப்பைக்காக மோத நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. அதனால் என்ன ஆயிற்று? 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டத்திலும் ஜெயித்தது, தன் லீக்கின் கோப்பையையும் வென்றது. ஆனால் அதன் முதன்மை குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், காலில் அடிபட்டுக் கிடந்தார். அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று சொல்லி, குழு அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பையன்களுக்கு ஆடிப் பார்க்கவே வாய்ப்பில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

2024-ல் அது 12 அணிகள் ஆனது. ஒருமுறை சறுக்கினால் சீசனே போயிற்று என்ற நிலை மாறியது. இறுதிப் போட்டிக்கு வந்த இன்னொரு அணியைப் பாருங்கள். நோட்ர டேம் செப்டம்பரிலேயே நார்தர்ன் இல்லினாயிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 16-14 என்று தோற்ற அணி. யாரும் எதிர்பார்க்காத தோல்வி. அவர்களும் அதிலிருந்து எழுந்துதான் வந்தார்கள்.

ஒஹாயோ ஸ்டேட் வந்த வழியும் சுலபமானதில்லை. டென்னசியை 42-17. அக்டோபரில் ஒரே புள்ளியில் தங்களைத் தோற்கடித்த ஆரகனை, ரோஸ் பௌல் ஆட்டத்தில், 41-21. அப்புறம் டெக்சஸ், அப்புறம் நோட்ர டேம். எல்லாம் டிசம்பர் 21-க்கும் ஜனவரி 20-க்கும் நடுவில், ஒரே மாதத்தில். இந்த நாலு பேரையும் அடுத்தடுத்து ஜெயித்தவர்களை சாம்பியன் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? நியாயம்தான். உங்கள் உறுத்தலை விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் மகனின் அழுகைக்கு வருகிறேன்.

ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 1897-லிருந்து மோதுகின்றன. வழக்கமான சீசனின் கடைசி ஆட்டமாக, நவம்பர் இறுதியில் வரும். அந்த வாரம் வளாகத்தில் அறிவிப்புப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்துகளின் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டுவிடுவார்கள். நீங்களே பார்த்திருப்பீர்கள். மிச்சிகன் என்ற பெயரைக்கூட உச்சரிக்காமல் 'வடக்கே இருக்கும் அந்த டீம்' என்பார்கள்.

2021, 22, 23 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஒஹாயோ ஸ்டேட்டுக்குத் தோல்வி. 2024 நவம்பர் 30-ல் ஒஹாயோ ஸ்டேட் நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிச்சிகன் ஆறில் ஜெயித்து ஐந்தில் தோற்று வந்திருந்தது. ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்றுதான் கணிப்பு. ஆனால் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டின் இரண்டு வீச்சுகள் எதிரணியின் கைக்குப் போயின. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பதுதான் ஃபீல்டு கோல்; ஜெய்டன் ஃபீல்டிங் உதைத்த அப்படி இரண்டு தவறின. 45 விநாடி மிச்சமிருக்கும்போது மிச்சிகன் ஒரு ஃபீல்டு கோல் அடித்தது. 13-10. ஜெயித்தவர்கள் மைதானத்தின் நடுவே தங்கள் கொடியை நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேல் உட்காரும் அந்த மைதானத்தில் நடந்தது இது. பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று ஊரே பேசியது.

ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு வீரருக்கும் விரல் நுனியளவில் ஒரு தங்கக் கால்சட்டைப் பதக்கம் கிடைக்கும். அதில் வீரரின் பெயரெழுத்தும் அந்த ஆட்டத்தின் ஸ்கோரும் பொறித்திருக்கும். 1934-ல் பயிற்சியாளராக வந்த ஃபிரான்சிஸ் ஷ்மிட், அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம். தேசியக் கோப்பை வென்றாலும் இது கிடைக்காது. மிச்சிகனை ஜெயித்தால் மட்டும்தான்.

ஜாக் சாயர், எமேகா எக்புகா, ட்ரவேயன் ஹெண்டர்சன், டென்சல் பர்க் எல்லாரும் 2021-ல் சேர்ந்தவர்கள். 2023 முடிந்ததுமே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம். பெரும் பணம் காத்திருந்தது. ஆனாலும் நான்காவது வருடமும் இருந்தார்கள். மிச்சிகனை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும், தேசியக் கோப்பையை வெல்ல வேண்டும். இரண்டு ஆசை.

இதில் சாயர் உள்ளூர்ப் பையன், பக்கத்துப் பிக்கரிங்டன்காரர். அன்று மிச்சிகன்காரர்கள் நடப்போன கொடியைக் கழியிலிருந்து பிய்த்தெடுத்தவர் அவர்தான். ஆறு வாரம் கழித்து டெக்சஸுடன் அரையிறுதி. ஒஹாயோ ஸ்டேட் 21-14 என்று முன்னால். கடைசி நிமிடங்கள். டெக்சஸ் கோல் கோட்டுக்கு ஒரே யார்டு தூரத்தில் நிற்கிறது. கோட்டைத் தாண்டினால் சமன் ஆகலாம். ஒரு ஆட்ட முயற்சியில் ஏழு யார்டு பின்னால் தள்ளப்படுகிறார்கள். நான்காவது, கடைசி முயற்சி. சாயர் பாய்ந்து டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிடுகிறார். பந்து அவர் கைக்கே வருகிறது. 83 யார்டு, ஓடுகிறார், ஓடுகிறார், எதிரணியின் கோல் கோட்டையே தாண்டிவிடுகிறார், டச்டவுன். இத்தனைக்கும் யூவர்ஸ் 2021-ல் கொஞ்ச காலம் இங்கே படித்தபோது சாயரின் அறைத்தோழர். அந்த ஓட்டத்தை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. நீங்களும் ஒருமுறை மகனோடு உட்கார்ந்து பாருங்கள்.

இறுதிப் போட்டியும் அப்படித்தான். 31-7 என்று முன்னால் இருந்தது 31-23 ஆகி, நெஞ்சு படபடத்த நேரம். ஹோவர்ட் தூக்கிப் போட்ட நீளமான பந்தை ஜெரமையா ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. அதன்பின் முடிவை உறுதிசெய்த ஃபீல்டு கோலை உதைத்தவர் யார் தெரியுமா? மிச்சிகன் ஆட்டத்தில் இரண்டைத் தவறவிட்ட அதே ஃபீல்டிங். 34-23.

ஆனால் அதற்காக நவம்பர் 30 அழிந்துவிடவில்லை. சீசன் கணக்கில் 14 வெற்றி, 2 தோல்வி என்றுதான் இருக்கும், அந்த இரண்டில் ஒன்று மிச்சிகன். உங்கள் மகன் காலேஜில் சேர்ந்த முதல் வருடமும் தோல்வி, இரண்டாம் வருடமும் தோல்வி. கோப்பை வந்த ராத்திரியும் அவன் மனதில் ஒரு மூலை காலியாகத்தான் இருந்திருக்கும். 2025-ல் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் 27-9 என்று ஜெயித்தபோது அந்த மூலை நிறைந்தது. அழாமல் என்ன செய்வான்?

அந்த ஆட்டம் நடந்தபோது சாயர் பிட்ஸ்பர்க் அணிக்கும், எக்புகா டாம்பா பே அணிக்கும், ஹெண்டர்சன் நியூ இங்கிலாந்து அணிக்கும் போய்விட்டிருந்தார்கள். சாம்பியன்ஷிப் மோதிரம் அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தங்கக் கால்சட்டை இல்லை. உங்கள் மகன் அழுதது இவர்களுக்கும் சேர்த்துத்தானா என்று சாவகாசமாக ஒருநாள் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்